கிருமியின் பெயர் தெரிந்தால் போதுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் மருத்துவ ஆய்வுக்கூடத் துறையைச் சேர்ந்த ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன் பேசிய மருத்துவர் நோயைப் பற்றிச் சொன்னார். மருந்தாளர் மருந்தைப் பற்றிச் சொன்னார். நான் நோயாளியின் முகத்தைப் பார்க்காத ஆள். என்னிடம் வந்து சேர்வது ஒரு போத்தல் இரத்தம், ஒரு குப்பி சிறுநீர், கொஞ்சம் சளி, அல்லது புண்ணில் தொட்டெடுத்த ஒரு பஞ்சுக்குச்சி. அதற்குள் என்ன கிருமி இருக்கிறது, அதை எந்த மருந்து கொல்லும் என்று சொல்வதே என் போன்றவர்களின் வேலை. மருத்துவமனையின் பின்கட்டில், சன்னல் இல்லாத அறையில் நடக்கும் வேலை இது. அதனால்தானோ என்னவோ, மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி எத்தனையோ பேசுகிறோம், அவற்றைக் கண்டுபிடிக்கும் சோதனைகளைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

முதலில் ஒரு பெயர் விளக்கம். 'கிராம் நெகட்டிவ்' கிருமி என்று மருத்துவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இந்தக் கிராம், நகைக்கடையில் எடை போடும் கிராம் அல்ல. ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் நாட்டு மருத்துவரின் பெயர். 1884இல் பெர்லினில் அவர் ஒரு சாயமுறையைக் கண்டார். கண்ணாடித் தகட்டில் கிருமிகளைத் தடவி, ஊதாச் சாயம் ஊற்றி, அயோடின் சேர்த்து, பிறகு மதுசாரத்தால் கழுவ வேண்டும். சில கிருமிகள் ஊதா நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். சில விட்டுவிடும். விட்டுவிட்டவற்றைக் கண்ணுக்குத் தெரியச் செய்ய, பின்னாளில் இளஞ்சிவப்புச் சாயம் ஒன்றையும் சேர்த்தார்கள். அப்படி இளஞ்சிவப்பாகத் தெரிபவையே கிராம் நெகட்டிவ். 140 ஆண்டுகள் கடந்த பிறகும் ஒவ்வோர் ஆய்வுக்கூடத்திலும் காலையில் முதலில் செய்வது இந்தச் சாயம்தான்.

நிற வேறுபாட்டுக்குக் காரணம் கிருமியின் சுவர். கிராம் நெகட்டிவ் கிருமிக்குச் சுவர் மெல்லியது. ஆனால் அந்தச் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு வேலி போல நிற்கிறது. அந்த வேலியில் சிறு சிறு வாசல்கள். மருந்து உள்ளே போக வேண்டுமானால் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். வாசலைக் குறுக்கிவிட்டால் மருந்து நுழையாது. நுழைந்துவிட்டாலும் வெளியே இறைத்துவிடும் பம்புகளும் கிருமியிடம் உண்டு. இவை போதாதென்று, சுவருக்கும் வேலிக்கும் இடைப்பட்ட இடத்தில் மருந்தை வெட்டிப் போடும் நொதிகளையும் வைத்திருக்கிறது. ஈ. கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினிடோபாக்டர் ஆகியவை இந்தக் குடும்பத்தில் நாங்கள் அன்றாடம் சந்திக்கும் ஆட்கள். முதல் இரண்டும் நம் குடலில் சாதாரணமாக வாழ்பவை. குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை இல்லை. சிறுநீர்ப் பாதைக்கோ நுரையீரலுக்கோ இரத்தத்துக்கோ போனால்தான் விபரீதம்.

மருந்தை வெட்டும் நொதி இன்று நேற்று வந்ததல்ல. பெனிசிலின் பொதுமக்களுக்குக் கிடைப்பதற்கு முன்பே, 1940இல், ஏப்ரகாம், செயின் என்ற இரு அறிஞர்கள் பெனிசிலினை அழிக்கும் நொதி ஒன்று ஈ. கோலை கிருமியில் இருப்பதாக எழுதிவிட்டார்கள். மருந்து சந்தைக்கு வரும் முன்பே பூட்டை உடைக்கும் சாவி கிருமியின் கையில் இருந்திருக்கிறது.

மூன்று நாள் கணக்கு

இனி ஆய்வுக்கூடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு பாட்டி என்று வைத்துக்கொள்வோம். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போய்ப் பத்து நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு, கிள்ளானுக்குத் திரும்பியிருக்கிறார். திரும்பிய இரண்டாம் வாரம் குளிர்க்காய்ச்சல், சிறுநீரில் எரிச்சல். திங்கட்கிழமை மாலை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். தாதி இரத்தம் எடுத்துப் போத்தலில் ஊற்றி அனுப்புகிறார்.

அந்தப் போத்தலில் இருப்பது கிருமிக்கு உணவு. அதை வெதுவெதுப்பான இயந்திரத்தில் வைக்கிறோம். கிருமி வளர்ந்து வாயுவை வெளியிட்டால் இயந்திரம் மணி அடிக்கும். செவ்வாய்க்கிழமை காலை மணி அடிக்கிறது. ஒரு சொட்டு எடுத்துக் கிராம் சாயம் போட்டுப் பார்த்தால் இளஞ்சிவப்புக் குச்சிகள். உடனே வார்டுக்குத் தொலைபேசி. 'கிராம் நெகட்டிவ்' என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது. என்ன கிருமி, எந்த மருந்து என்று இன்னும் தெரியாது.

அந்தச் சொட்டை அகார் தட்டில் கோடு கோடாகத் தடவி இரவு முழுக்க வளர்க்கிறோம். அகார் என்றதும் உங்களுக்கு அகார்-அகார் பலகாரம் நினைவுக்கு வந்தால் தவறில்லை. இரண்டும் ஒன்றே. சொல்லே மலாய்ச் சொல். 1880களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கிருமிகளை ஜெலட்டினில் வளர்த்துப் பார்த்தார்கள். வெயில் காலத்தில் அது உருகிக் காரியத்தைக் கெடுத்தது. ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, தாம் வீட்டில் ஜெல்லி செய்யும் அகாரைப் பயன்படுத்தலாமே என்றார். ஜாவாவில் வாழ்ந்து வந்தவர்களிடமிருந்து அதை அவர் கற்றிருந்தார். நம் வட்டாரத்துச் சமையலறைப் பொருள் இல்லாமல் உலகில் ஒரு கிருமி ஆய்வுக்கூடமும் ஓடாது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

புதன்கிழமை காலை தட்டில் கிருமிக் குடியிருப்புகள் தெரியும். மால்டி-டாஃப் என்ற கருவி இருக்கும் இடங்களில், அதன் புரதங்களைக் கொண்டு சில நிமிடங்களில் பெயர் சொல்லிவிடலாம். கிளெப்சியெல்லா நிமோனியே என்று வருகிறது. பெயர் தெரிந்துவிட்டதே, மருந்து கொடுத்துவிடலாம் என்றுதான் வீட்டார் நினைப்பார்கள். அங்கேதான் சிக்கல். ஒரே பெயருள்ள இரண்டு கிளெப்சியெல்லாக்களில் ஒன்று சாதாரண மருந்துக்குப் பணியும். மற்றொன்று எதற்கும் பணியாது.

எனவே அடுத்த சோதனை. கிருமியைக் குறிப்பிட்ட அளவுக்குக் கலங்கலாகக் கரைத்து, 4 மில்லிமீட்டர் ஆழமுள்ள அகார் தட்டு முழுக்கப் பூசி, மருந்து ஊறிய சிறு காகித வட்டுகளை அதன்மேல் வைக்கிறோம். பாயர், கர்பி முதலானோர் 1966இல் ஒழுங்குபடுத்திய முறை இது. ஏறத்தாழ 35 டிகிரி வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம். மருந்து வேலை செய்தால் வட்டைச் சுற்றி வெறும் வெளி தெரியும். அந்த வெளியின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிடுகிறோம். மெரோபெனம் வட்டுக்கு 23 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் கிருமி அடங்கும். 19 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடங்காது. அகார் கொஞ்சம் தடித்துவிட்டாலோ, கரைசல் கொஞ்சம் கலங்கலாகிவிட்டாலோ இந்த மில்லிமீட்டர் மாறிவிடும். அதனால்தான் முடிவு தெரிந்த கிருமிகளையும் உடன் வைத்துச் சோதித்துப் பார்க்கிறோம்.

முடிவு வருவது வியாழக்கிழமை காலை. திங்கள் மாலை முதல் வியாழன் காலை வரை மருத்துவர் அனுபவத்தைக் கொண்டு, அனுமானமாக மருந்து கொடுத்து வருகிறார். இரத்தத்தில் கிருமி பரவிய முதியவருக்கு அந்த அனுமானம் தப்பினால், வியாழக்கிழமை வரும் என் அறிக்கை யாருக்கும் பயன்படாமல் போகலாம்.

அட்டவணையும் வேதவாக்கு அல்ல. 2010இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு, குடல்வாழ் கிருமிகளுக்கான மெரோபெனம் அளவுகோலைக் கீழே இறக்கியது. ஒரு மில்லிலிட்டரில் 4 மைக்ரோகிராம் மருந்து தேவைப்படும் கிருமி, அதற்கு முன் 'அடங்கும்' என்ற பட்டியலில் இருந்தது. பிறகு 'அடங்காது' பட்டியலுக்குப் போனது. கிருமி மாறவில்லை. நம் அறிவு மாறியது. ஐரோப்பிய அட்டவணை இன்றும் சற்று வேறு. ஆகவே வெளிநாட்டில் எடுத்த அறிக்கையைக் கொண்டுவருபவர்கள், கிடைத்தால் 'எஸ்', 'ஆர்' எழுத்துகள் மட்டுமல்லாமல் எண்களும் உள்ள அறிக்கையையே கேட்டு வாங்கி வாருங்கள்.

எந்த நொதி?

பாட்டியின் கிருமி மெரோபெனத்துக்கு அடங்கவில்லை என்று வந்துவிட்டது. கார்பபெனம் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மருந்தை, மற்றவை தோற்றபின் எடுக்கும் மருந்து என்றே நாங்கள் சொல்வோம். இனி 'அடங்கவில்லை' என்று மட்டும் சொன்னால் போதாது. ஏன் அடங்கவில்லை, எந்த நொதி அதை வெட்டுகிறது என்றும் சொல்ல வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு முன் இது ஆராய்ச்சியாளரின் ஆர்வம் என்று கருதப்பட்டது. இன்று மருந்தைத் தேர்ந்தெடுப்பதே இதை வைத்துத்தான்.

கார்பபெனத்தை வெட்டும் நொதிகளில் பெயர் பெற்றவை சில. கேபிசி என்பது 1996இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் எடுத்த கிளெப்சியெல்லாவில் கண்டது. ஆக்சா-48 துருக்கியின் இஸ்தான்புல்லில் 2001இல் கிடைத்த கிருமியில் கண்டது. என்டிஎம், புதுடில்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில் 2008இல் எடுத்த கிருமியில் கண்டது. அடுத்த ஆண்டு அதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது.

என்டிஎம் கதையில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. 2010இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த பெரிய ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என்று அந்தக் கிருமிகளை அடையாளம் கண்டு எழுதினார்கள். பிரிட்டன் நோயாளிகளில் பலர் அதற்கு முந்திய ஓராண்டில் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ போய் வந்தவர்கள். இந்தியாவில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. நகரத்தின் பெயரை நோய்க்கு வைத்து மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கிறார்கள் என்றார்கள். ஊர்ப் பெயர் வைப்பது நல்ல பழக்கம் அல்ல என்பது என் கருத்தும்தான். ஆனால் விம் என்ற நொதிக்கு இத்தாலியின் வெரோனா பெயர் இருக்கிறது, சிம் என்பதற்குச் சியோல் பெயர் இருக்கிறது. பெயரைப் பற்றிச் சண்டை போட்ட நேரத்தில் குடிநீரைப் பற்றிப் பேசியிருக்கலாம். 2011இல் வந்த ஆய்வில், புதுடில்லியில் எடுத்த 50 குடிநீர் மாதிரிகளில் 2லும், தெருவில் தேங்கிக் கசிந்த நீர் மாதிரிகள் 171இல் 51லும் அந்த மரபணு இருந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், இந்திய மருத்துவர்களே 2012இல் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டு, மருந்துக் கட்டுப்பாட்டை வற்புறுத்தினார்கள். 2014 முதல் பல வலிமையான ஆண்டிபயாடிக்குகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற கடும் விதி அங்கே நடைமுறைக்கு வந்தது.

இந்த மரபணு பெரும்பாலும் கிருமியின் முதன்மை மரபணுத் தொகுதியில் இல்லாமல், 'பிளாஸ்மிட்' என்ற தனி வளையத்தில் இருக்கும். சமையல் குறிப்பை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது போல, ஒரு கிருமி அதை இன்னொரு கிருமிக்குக் கொடுத்துவிடும். கிளெப்சியெல்லா ஈ. கோலைக்குக் கொடுக்கும். இனம் வேறானாலும் தடையில்லை.

நொதியைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. மிக மலிவானது, மெரோபெனம் வட்டைக் கிருமிக் கரைசலில் 4 மணி நேரம் ஊறவைத்து, வெளியே எடுத்து, அடங்கும் ஈ. கோலை பூசிய தட்டில் வைப்பது. கிருமியிடம் நொதி இருந்தால் வட்டிலுள்ள மருந்து முழுதும் அழிந்திருக்கும். மறுநாள் ஈ. கோலை வட்டின் ஓரம் வரை தழைத்து வளர்ந்திருக்கும். இதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும். 2012இல் நோர்ட்மான், பொய்ரெல் இருவரும் சொன்ன முறையில், சிவப்புக் கரைசல் இரண்டு மணி நேரத்துக்குள் மஞ்சளானால் நொதி உண்டு என்று பொருள். கோவிட் காலத்தில் வீட்டிலேயே செய்த சோதனையைப் போன்ற கோடு விழும் பட்டையும் வந்துவிட்டது. வளர்ந்த கிருமியைக் கரைத்து ஊற்றினால் 15 நிமிடத்தில் எந்த நொதி என்று சொல்லும். காசநோய்க்குப் பயன்படும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் ஐந்து வகை மரபணுக்களை ஒரு மணி நேரத்துக்குள் தேடலாம்.

வேகமான சோதனை என்றால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். அந்தக் கருவி தேடுவதை மட்டுமே கண்டுபிடிக்கும். பட்டியலில் இல்லாத நொதியோ, வாசலை மூடிக்கொண்டு தப்பும் கிருமியோ அதன் கண்ணில் படாது. ஆக்சா-48 இன்னும் தந்திரமானது. மருந்தை மெதுவாக வெட்டுவதால் காகித வட்டுச் சோதனையிலேயே சில நேரம் நல்ல பிள்ளைபோல் நடித்துத் தப்பிவிடும். அதனால்தான் புது முறை வந்தபின்னும் பழைய அகார் தட்டை நாங்கள் கைவிடவில்லை.

பாட்டிக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃப்டாசிடைம்-அவிபேக்டம் என்ற கூட்டு மருந்து, கேபிசி உள்ள கிருமியையும் ஆக்சா-48 உள்ள கிருமியையும் அடக்கும். என்டிஎம் உள்ளதை அடக்காது. என்டிஎம் நொதியால் அஸ்ட்ரியோனம் என்ற பழைய மருந்தை வெட்ட முடியாது. ஆனால் அதே கிருமியில் வழக்கமாக இருக்கும் வேறு நொதிகள் அதை வெட்டிவிடும். அவிபேக்டம் துணைக்குப் போனால் அந்த நொதிகள் முடங்கும், அஸ்ட்ரியோனம் பிழைத்துக்கொள்ளும். இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த மருந்துக்கு 2024இல் ஐரோப்பாவும் 2025இல் அமெரிக்காவும் அனுமதி தந்தன. நொதியின் பெயர் தெரியாமல் விலையுயர்ந்த மருந்தை ஏற்றினால், காசும் போகும், நாளும் போகும்.

கோலிஸ்டின் கதை

மற்ற மருந்துகள் தோற்கும்போது கோலிஸ்டின் இருக்கிறதே என்பார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒதுக்கி வைத்த பழைய மருந்தை, வேறு வழியில்லாமல் மீண்டும் எடுத்தோம். இதைச் சோதிப்பதே ஒரு தலைவலி. மருந்தின் மூலக்கூறு பெரியது, அகாரில் சரியாகப் பரவாது. ஆகவே காகித வட்டு வைத்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவை நம்ப முடியாது. வரிசையான சிறு குழிகளில் மருந்தின் அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், கிருமி எந்தக் குழியில் வளராமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் இரண்டும் 2016இல் கூட்டாக இதையே வற்புறுத்தின. 2020இல் அமெரிக்க அமைப்பு, கோலிஸ்டினுக்கு 'அடங்கும்' என்ற சொல்லையே அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டது. மருந்தின் பலன் அவ்வளவு நிச்சயமற்றது என்பதே காரணம்.

2015 நவம்பரில் சீனாவிலிருந்து வந்த செய்தி இன்னும் கவலை தந்தது. கோலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணு, பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும், அதுவும் கைமாறும் பிளாஸ்மிட்டில் இருந்தது. மறு ஆண்டே மலேசியக் கால்நடைகளிலிருந்து எடுத்த கிருமிகளிலும் அது இருப்பதாகப் பதிவானது. கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை 2019இல் நம் நாடு தடை செய்தது. நல்ல முடிவு என்பேன்.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். எல்லா எதிர்ப்பும் நாம் உண்டாக்கியதல்ல. மெலியாய்டோசிஸ் நோயைத் தரும் பர்க்கோல்டேரியா என்ற கிராம் நெகட்டிவ் கிருமி நம் மண்ணிலும் சேற்றிலும் வாழ்வது. பிறவியிலேயே கோலிஸ்டினுக்கு அடங்காது, ஜென்டாமைசினுக்கும் பெரும்பாலும் அடங்காது. சரவாக்கில் மட்டும் ஜென்டாமைசினுக்குப் பணியும் வகை அதிகம். 1911இல் ரங்கூனில் இந்த நோயை முதலில் அடையாளம் கண்டவர் விட்மோர் என்று பாடநூல்கள் எழுதும். மறு ஆண்டு வெளிவந்த கட்டுரையில் அவர் பெயரோடு சி.எஸ்.கிருஷ்ணசுவாமி என்ற பெயரும் இருக்கிறது. அனுபவம் இல்லாத ஆய்வுக்கூடம் இந்தக் கிருமியைச் சூடோமோனாஸ் என்று நினைத்து ஒதுக்கிவிடும். நீரிழிவு உள்ளவர்களை இது அதிகம் தாக்குவதால், நம் சமூகத்தில் எத்தனை பேருக்கு நீரிழிவு உண்டு என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெட்கப்பட வேண்டாம்

வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கிவிட்டு வந்தவர்களை இங்கே சேர்க்கும்போது, பல மருத்துவமனைகளில் ஆசனவாயில் பஞ்சுக்குச்சி வைத்துச் சோதனை எடுப்பார்கள். இதைக் கேட்டதும் கோபப்படும் குடும்பங்கள் உண்டு. "எங்கம்மாவுக்குக் காலில்தானே பிரச்சினை, அங்கே எதற்குச் சோதனை?" என்பார்கள். இந்தக் கிருமி குடலில் குடியிருப்பது. நோய் எதுவும் இல்லாமலேயே ஒருவர் அதைச் சுமந்திருக்கலாம். பஞ்சுக்குச்சியை நிறம் காட்டும் அகாரில் தடவினால் மறுநாள் தெரியும். சுமப்பவரைத் தனியறையில் வைப்பது அவரை அவமதிக்க அல்ல, பக்கத்துக் கட்டிலில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரைக் காப்பாற்ற. சுமப்பவருக்கு நோய் அறிகுறி இல்லையென்றால் அதற்காக ஆண்டிபயாடிக் கொடுப்பதும் வழக்கமில்லை.

2016 செப்டம்பரில் அமெரிக்காவின் ரீனோ நகரில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி இறந்தார். முன்பு இந்தியாவில் தொடை எலும்பு முறிந்து பலமுறை மருத்துவமனையில் இருந்தவர். அவர் உடலில் இருந்த கிளெப்சியெல்லாவில் என்டிஎம் இருந்தது. 26 ஆண்டிபயாடிக்குகளை வைத்துச் சோதித்தார்கள். ஒன்றும் அடக்கவில்லை. ஆனால் அந்த மருத்துவமனையில் வேறு யாருக்கும் அது பரவவில்லை. ஆய்வுக்கூடம் கண்டு சொன்னதும் அவரைத் தனிமைப்படுத்திவிட்டார்கள். ஒருவரைக் காப்பாற்ற முடியாத சோதனை, மற்றவர்களைக் காப்பாற்றியது.

கடைசியாக நடைமுறைக்குச் சில செய்திகள். ஆண்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே சிறுநீரோ இரத்தமோ எடுத்துவிடுவது நல்லது. ஒரு மாத்திரை போட்டுவிட்டு வந்தாலே என் தட்டில் கிருமி வளராமல் போகலாம், உடம்பிலோ அது உயிரோடு இருக்கும். ஆனால் நோயாளி அபாய நிலையில் இருந்தால் சோதனைக்காக மருந்தைத் தாமதிக்கக் கூடாது. சிறுநீர் கொடுக்கும்போது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். அதை இரண்டு மணி நேரம் காரில் வைத்துவிட்டு வந்தால், 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் ஈ. கோலை எங்களுக்குத் தவறான கணக்கைக் காட்டும். சென்னையிலிருந்து வரும்போது பெட்டியில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆண்டிபயாடிக் அட்டைகளைப் போட்டுக்கொண்டு வருவதை நிறுத்துங்கள். இங்கே 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டப்படி அவை மருத்துவர் சீட்டுக்கு உட்பட்டவை. அங்கே சிகிச்சை பெற்றிருந்தால் மருந்தைவிட, கிருமிச் சோதனை அறிக்கையைத்தான் கொண்டுவர வேண்டும். இங்குள்ள மருத்துவர் கேட்காவிட்டாலும், "ஓராண்டுக்குள் வெளிநாட்டில் மருத்துவமனையில் இருந்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு வரி விண்ணப்பத் தாளில் எழுதப்பட்டு என்னிடம் வந்தால், வியாழக்கிழமை வரை காத்திராமல் புதன்கிழமை காலையிலேயே நொதிச் சோதனையைத் தொடங்கிவிடுவேன்.

நேரம் முடிந்துவிட்டதாக நெறியாளர் சைகை காட்டுகிறார். மீதியைக் கேள்வி நேரத்தில் பேசுவோம்.